பொறி வராத மிஷினும் பொறி இல்லாத பாடமும்

"இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்" என்ற போர்டைப் பார்க்காமல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. பாடியிலிருந்து பட்டரவாக்கம் வரைக்கும், அந்தப் பக்கம் திருமுல்லைவாயில், ஆவடி, இந்தப் பக்கம் பூந்தமல்லி, திருமழிசை என்று எங்கே திரும்பினாலும் ஒரு ஷெட், ஒரு சிலிண்டர், ஒரு மிஷின். நாம் புத்தகத்தில் 'டிக் வெல்டிங்' என்று படிக்கிறோமே, அதைத்தான் பட்டறையில் ஆர்கான் என்கிறார்கள்.

இந்த மிஷினுக்கு ஒரு வியாதி உண்டு. நேற்று சாயங்காலம் வரைக்கும் நன்றாக ஓடியிருக்கும். இன்று காலையில் டார்ச் ஸ்விட்சை அழுத்தினால் கேஸ் வரும், பொறி மட்டும் வராது. "ஹெச்.எஃப். போச்சு" என்பார் மேஸ்திரி. அவ்வளவுதான், அந்த ஷெட்டில் வேலை நின்றது.

இந்த ஒரு வியாதியை வைத்துக்கொண்டு நம் டிப்ளமோ படிப்பைப் பற்றி ஒரு விஷயம் பேச வேண்டும், நண்பர்களே. ஓடுகிற மிஷினை ஓட்டுவதற்கு மூன்று வருஷம் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நின்றுபோன மிஷின் ஏன் நின்றது என்று தேடுவதற்கு ஒரு பீரியடு கூட இல்லை. அதற்கும் லேப் வேண்டும், அதற்கும் மார்க் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெச்.எஃப். என்ன செய்கிறது?

டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் முனை ஜாப்பைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மிஷின் தருகிற ஓபன் சர்க்யூட் வோல்டேஜோ சுமார் 60 முதல் 100 வரைதான். 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டிக் குதிக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். ஆர்கானில் இதைவிடக் குறைவாகப் போதும் என்றாலும், வெறும் 80 வோல்ட் எப்படிக் குதிக்கும்? குதிக்காது.

அதனால் மிஷினுக்குள் ஒரு தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைச் சில ஆயிரங்களுக்கு உயர்த்துகிறது. அது ஒரு கெபாசிட்டரை நிரப்புகிறது. நிரம்பியதும் 'ஸ்பார்க் கேப்' என்கிற இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு இடையே படீரென்று பொறி பாய்கிறது. அந்தப் பொறியில் பிறக்கிற அதிர்வு வினாடிக்குப் பல லட்சம் சுற்று. ஒரு காயில் வழியாக அது வெல்டிங் லைனில் ஏறி, டார்ச் முனையில் ஆர்கானை மின்சாரம் கடத்துகிற பொருளாக மாற்றுகிறது. பாதை திறந்ததும் வெல்டிங் கரன்ட் அதன் வழியே ஓடுகிறது. வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வாட்ச்மேன் வேலைதான் ஹெச்.எஃப்-க்கு.

டி.சி-யில் ஸ்டெயின்லெஸ் ஓட்டும்போது வாட்ச்மேன் ஆரம்பத்தில் மட்டும் வந்தால் போதும். பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் மிஷினில் ஏ.சி. போட்டு அலுமினியம் ஓட்டினால் கதை வேறு. நம் ஊர் 50 சைக்கிள் கரன்ட் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். தொடுகிற ஒவ்வொரு தடவையும் ஆர்க் அணையப் பார்க்கும். ஹெச்.எஃப். விடாமல் கூடவே நின்றால்தான் அது உயிரோடு இருக்கும். எனவே அந்த மிஷினில் ஹெச்.எஃப். போனால் அலுமினிய வேலை அன்றோடு அவுட்.

"உரசிப் பத்த வெச்சுக்கோ தம்பி!"

ஹெச்.எஃப். போனதும் எல்லாப் பட்டறையிலும் நடக்கிற முதல் வைத்தியம் இதுதான். டங்ஸ்டனைத் தீக்குச்சி மாதிரி ஜாப்பில் உரசு, ஆர்க் பிடிக்கும், ஓட்டு. உண்மைதான், பிடிக்கும். டெலிவரி அன்றைக்கே போயாக வேண்டும் என்றால் ஓனர் வேறென்ன செய்வார்?

உரசும்போது டங்ஸ்டன் துணுக்கு உடைந்து வெல்டுக்குள் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்-ரே எடுத்தால் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஏனென்றால் டங்ஸ்டன் ஸ்டீலைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி உள்ளது, கதிரை மறைத்துவிடும். பிரஷர் வெஸல் வேலை என்றால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்து மறுபடி ஓட்டச் சொல்வார்கள். முனையும் கெட்டுப்போகும், மாற்றி மாற்றித் தீட்ட வேண்டும். சிவப்பு வளையம் போட்ட தோரியம் கலந்த டங்ஸ்டனாக இருந்தால் தீட்டுகிற தூளில் கதிரியக்கம் உண்டு. தூசியை மூக்கில் இழுப்பது யார்? கிரைண்டர் முன்னால் நிற்கிற ஹெல்பர் பையன்தான்.

'லிஃப்ட் ஆர்க்' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வேறு. அதில் தொடும்போது கரன்ட் மிகக் குறைவாக இருக்கும்படி மிஷினே பார்த்துக்கொள்ளும். தூக்கியதும் முழுக் கரன்ட் வரும். பக்கத்தில் சி.என்.சி., கம்ப்யூட்டர் என்று ஹெச்.எஃப். ஆகாத சாமான்கள் உள்ள இடத்தில் லிஃப்ட் ஆர்க் நல்ல வழியே. நான் குறை சொல்வது அந்த வசதி இல்லாத மிஷினில் முழுக் கரன்ட்டோடு உரசுவதை.

இதனால் யாருக்கு நஷ்டம்? பால் பண்ணைக்குப் போகிற ஸ்டெயின்லெஸ் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இடங்களில் பைப்பின் உள்பக்கம் வெல்டு வழவழப்பாக இருந்தே ஆக வேண்டும். ஒரு சின்னக் குழி இருந்தாலும் அதில் பால் தங்கும், கிருமி குடியேறும். எவ்வளவு கழுவினாலும் போகாது. பட்டறையில் அவசரத்துக்கு உரசின உரசல் எங்கேயோ ஒரு வீட்டில் காலைக் காப்பி வரைக்கும் போகிறது.

எத்தனை வருஷத்துத் தொழில் இது!

1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், விமானத்துக்கான மெக்னீசியத்தை ஒட்டுவதற்கு டங்ஸ்டனையும் ஹீலியத்தையும் வைத்து இந்த முறையைக் கொண்டுவந்தார். நம் பக்கத்துக்கு வந்தால், டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்து, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் பிறந்தது. வெல்டிங் மிஷினும் ராடும் செய்கிற ஈசாப் இந்தியா இந்தப் பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நடக்கிறது. சைக்கிள், ரயில் பெட்டி, டாங்கி, பாய்லர் என்று வெல்டிங்கை நம்பியே வளர்ந்த ஊர்களில் படிக்கிறோம். ஆனால் நம் பரீட்சையில் வருகிற கேள்வி என்ன? "டிக் வெல்டிங் முறையைத் தெளிவான படத்துடன் விவரி." படம் போட்டு, பாகம் குறித்து, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். அந்தப் படத்தில் பொறி எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது!

ஐந்து கேள்வி

ஹெச்.எஃப். போன மிஷினைத் தேடுவது மந்திரம் இல்லை. வரிசையாக ஐந்து கேள்வி கேட்டால் போதும். முதல் நான்குக்கு மிஷின் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

முதல் கேள்வி: ஸ்விட்சை அழுத்தினால் மிஷின் பதில் சொல்கிறதா? கேஸ் வால்வு 'டக்' என்கிறதா, ஆர்கான் 'உஸ்' என்கிறதா? இரண்டுமே இல்லை என்றால் ஹெச்.எஃப்-ஐச் சந்தேகப்படுவது வீண். டார்ச் ஸ்விட்ச் ஒயர் அறுந்திருக்கும். அது அறுகிற இடம் அநேகமாகக் கைப்பிடியை ஒட்டி வளைகிற கழுத்து, இல்லாவிட்டால் மிஷினில் சொருகுகிற ப்ளக். டார்ச்சைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஸ்விட்சை அழுத்திக்கொண்டே ஒயரை ஆட்டிப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது: செலக்டர் எதில் இருக்கிறது? சிரிக்காதீர்கள். ராத்திரி ஷிப்டில் யாராவது ராடு ஓட்டிவிட்டு ஸ்டிக்கிலேயே விட்டுப் போயிருப்பார்கள். லிஃப்டில் இருந்தாலும் பொறி வராது.

மூன்றாவது: உரசினால் ஆர்க் பிடிக்கிறதா? வேண்டாத ஒரு துண்டுத் தகட்டில் ஒரே ஒரு தடவை உரசிப் பாருங்கள். சோதனைக்கு மட்டும், வேலைக்கு இல்லை. பிடித்தால் மெயின் ட்ரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், எர்த்து எல்லாம் ஏறக்குறைய சரி. வியாதி ஹெச்.எஃப். பகுதியில்தான். பிடிக்காவிட்டால் மிஷினின் பவர் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் முக்கியம்: உள்ளே 'கிர்ர்' என்ற சத்தம் கேட்கிறதா? ஸ்பார்க் கேப் வேலை செய்தால் அந்தச் சத்தம் கட்டாயம் வரும். சத்தம் இருந்தும் முனையில் பொறி இல்லை என்றால் ஹெச்.எஃப். பிறக்கிறது, வழியில் காணாமல் போகிறது. டங்ஸ்டன் அழுக்கா, கரன்டுக்குப் பொருந்தாத தடிமனா? எர்த்து கிளாம்ப் பெயின்ட் மேலோ துரு மேலோ கடித்திருக்கிறதா? டார்ச் கேபிள் இரும்பு டேபிள் மேல் சுருட்டிக் கிடக்கிறதா? இன்சுலேஷன் வெடித்திருக்கிறதா? செராமிக் கப் விரிசலா? தண்ணீரில் குளிர்கிற டார்ச் என்றால் தொட்டியில் ஊற்றியது என்ன தண்ணீர்? டிஸ்டில்டு வாட்டரோ கம்பெனி சொன்ன கூலன்டோ ஊற்ற வேண்டிய இடத்தில் உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் அதுவே ஒயராகிவிடும். ஹெச்.எஃப். அதன் வழியே எர்த்துக்கு ஓடிவிடும். லைட்டை அணைத்துவிட்டு, கேபிளைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தால் கசிகிற இடத்தில் சில சமயம் நீலமாக மினுக்குவது தெரியும்.

ஐந்தாவது, சத்தமே இல்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும். மெயினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிறகு திறக்கணும். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரன்ட் உட்கார்ந்திருக்கும். 230 வோல்ட் இன்வர்ட்டரில் சுமார் 325, மூன்று ஃபேஸ் 415 வோல்ட் மிஷினில் சுமார் 585 வோல்ட் டி.சி. உள்ளே நிற்கும். காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும். அப்புறம் ஸ்பார்க் கேப்பைப் பாருங்கள். கரி பிடித்திருக்கிறதா, தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டதா? சுத்தம் செய்து, மிஷின் புத்தகத்தில் சொன்ன இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்யணும். பல மிஷின்களில் அது கால் மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அதுவும் சரி என்றால் வெடித்த கெபாசிட்டர், கருகிய ஹை வோல்டேஜ் ட்ரான்ஸ்ஃபார்மர், அதற்குக் கரன்ட் அனுப்புகிற ரிலே. கடைசி கடைசியாகத்தான் போர்டு.

ஆனால் நடப்பது என்ன? நம் பக்கத்து ஷெட் ஒன்றில் மிஷின் நின்றுபோய், வந்தவர் பார்த்ததும் "போர்டு மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் மிஷின் மூலையில். நாலு நாளும் வெல்டருக்குச் சம்பளம் இல்லை, அவர் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர். அஞ்சாம் நாள் வயசான மேஸ்திரி ஒருவர் வந்து, டார்ச் கழுத்தில் அறுந்திருந்த ஒயரை ஒட்டவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். முதல் கேள்வியிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம்! அந்த ஷெட்டில் டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் ஒருவரும் இருந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளம் நடத்திய பரீட்சை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார், பேனல், வெல்டிங் மிஷின் என்று பல சிறு யூனிட்டுகளில் சாமான்கள் நனைந்தன. நனைந்த டிக் மிஷினில் ஈரத்துக்கு முதலில் பலியாகக் கூடியது ஹெச்.எஃப். பகுதிதான். பல ஆயிரம் வோல்ட் ஓடுகிற இடத்தில் கொஞ்சம் சேறும் ஈரமும் இருந்தாலே பொறி கேப்பில் பாயாமல் அழுக்கு வழியாக நழுவிவிடும். அப்படிப்பட்ட மிஷினை "காஞ்சிடுச்சா பார்ப்போம்" என்று ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, எலக்ட்ரானிக் போர்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மெக்கரில் இன்சுலேஷன் பார்த்த பிறகே கரன்ட் கொடுக்க வேண்டும்.

அந்த மாதிரி வாரத்தில் எத்தனை ஷெட்டுக்கு எலக்ட்ரீஷியனும் சர்வீஸ் ஆளும் கிடைப்பார்கள்? சுற்றுவட்டாரத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் மெக்கரும் மல்டிமீட்டருமாக நாலு பேர் நாலு பேராகப் போய் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்! ரத்ததான முகாம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம், நல்ல காரியங்கள். நாம் படித்த படிப்பே உதவுகிற முகாம் ஒன்றாவது வேண்டாமா?

மறுத்துப் பேசுகிறவர்களுக்கு

"பசங்க கையை வெச்சு ஷாக் வாங்கினா யார் பதில் சொல்றது?" என்று சார்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஹெச்.எஃப். ஷாக் தோல் மேலேயே ஓடிவிடும், ஒன்றும் செய்யாது என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பக்கூடாது. சின்னதாக, ஆனால் ஆழமாகச் சுட்டுவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். இன்று லேபில் திறக்காத பையன் அடுத்த ஜூன் மாதம் ஏதோ ஒரு ஷெட்டில், ஓனர் அவசரப்படுத்த, பூட்டும் இல்லாமல் மீட்டரும் இல்லாமல் அதே மூடியைத் திறக்கத்தான் போகிறான். முதல் தடவை திறக்கும்போது பக்கத்தில் ஆசிரியர் இருப்பது நல்லதா, யாரும் இல்லாமல் இருப்பது நல்லதா?

"புது மிஷினை உங்ககிட்ட குடுத்து உடைக்கவா?" என்பது அடுத்த கேள்வி. புதுசு யார் கேட்டது? ஸ்டோர் ரூமில் 'கண்டம்' என்று எழுதி வைத்த மிஷின்கள் தூசி தின்றுகொண்டு கிடக்கின்றன. ஆடிட்டுக்குப் பயந்து விற்கவும் மாட்டார்கள், தொடவும் விட மாட்டார்கள். அதில் ஒன்றை ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'பயிற்சிக்கு' என்று மாற்றி எழுதினால் போதும்.

"இப்ப எல்லாம் இன்வர்ட்டர், பொடிப் பொடி சாமான், ரிப்பேர் பண்ண முடியாது" என்பது மூன்றாவது. போர்டில் உள்ள பொடி சாமானை நம்மால் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்வர்ட்டருக்கும் டார்ச் ஒயர் அறும், எர்த்து கழலும், செலக்டர் மாறிக் கிடக்கும். போர்டுதான் கெட்டது என்று சொல்வதற்கு முன்னால் மற்றதெல்லாம் நல்லா இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? அந்த வரிசையைத்தான் கேட்கிறேன்.

என்ன கேட்கலாம்?

மாணவர் பேரவை இந்த வருஷம் நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்கட்டும். ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் ஒரு 'நோயாளி மேஜை'. வாரா வாரம் ஆசிரியர் ஒரு பழுதை ஒளித்து வைப்பார். இந்த வாரம் அறுந்த ஸ்விட்ச் ஒயர், அடுத்த வாரம் கரி பிடித்த கேப். நாலு பேர் சேர்ந்து கண்டுபிடித்து, என்ன பார்த்தோம், என்ன நினைத்தோம், எது இல்லை என்று ஒதுக்கினோம் என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். இரண்டு, பிராக்டிகல் மார்க்கில் ஒரு பங்கு இதற்கு. பாடத்திட்டம் வகுப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் என்பதால் அங்கேயும் ஒரு மனு போகட்டும். மார்க் இல்லாத பாடத்தை நம்மவர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், நமக்குத் தெரியாதா? மூன்று, மாதம் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் துணையோடு பக்கத்துப் பேட்டைக்குப் போய்ச் சிறு ஷெட்டுகளின் மிஷின்களைச் சோதித்துத் தருகிற முகாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரிலேயே முதல் முகாமை வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இன்டர்வியூவில் நம்மிடம் சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "தம்பி, மிஷின் நின்னு போச்சு, என்னன்னு பாருங்க." அப்போது சர்வீஸ் ஆளுக்குப் போன் போடுவதற்கு முன்னால், டார்ச்சைக் கையில் எடுத்து ஸ்விட்சை அழுத்தி, கேஸ் வருகிறதா, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறவனாக நாம் இருக்க வேண்டும். அதற்கான மேஜையை இந்தக் கல்வியாண்டிலேயே போட வைப்போம், வாருங்கள்!